ஒட்டுப்போட்ட செருப்புக்குக் கைதட்டாதீர்கள்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறு கட்டுரை எழுதினேன். மானின் தடம் பார்த்துக் காட்டுக்குள் நடப்பவர்களின் கைப்பக்குவங்கள் பற்றியது. அட்டைக்கு உப்புக் கிழி, காற்றின் திசை பார்க்கச் சாம்பல் முடிச்சு, மழைக்கு உரச்சாக்குக் கொங்காணி, வார் அறுந்த செருப்புக்குக் கிளட்ச் வயர் என்று பட்டியல் போட்டிருந்தேன். கூடவே நான்கைந்து புகைப்படங்கள். நண்பர்கள் நிறையப் பேர் பகிர்ந்தார்கள். "நம்ம ஆளுங்க மூளையே மூளை", "இன்ஜினியரிங் படிக்காத இன்ஜினியர்" என்றெல்லாம் எழுதினார்கள். நானும் ரெண்டு நாள் மிதந்தேன்.

இந்தக் கட்டுரை அதை வாபஸ் வாங்குவதற்காக.

அதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. உப்பு பட்டால் அட்டை விழும். சாம்பல் காற்றுப் போகும் பக்கம் போகும். பிழை என் தொனியில் இருந்தது. நான் கைதட்டியிருந்தேன், தட்டக்கூடாத இடத்தில்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். ஊரைத் தாண்டி முந்தல் சோதனைச்சாவடியைக் கடந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்கிவிடும். விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பெண்கள் ஏலத்தோட்டத்துக்கு ஏறுவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், அதனால் தோட்டத்துக்குள்ளேயே பெரிய மரங்கள் நிற்கும். எது தோட்டம், எது காடு என்று புதிதாக வருபவருக்குச் சட்டென்று தெரியாது. மிளாவுக்கும் தெரியாது. கடமானை எங்கள் பக்கம் மிளா என்போம். மிளா, கேளையாடு, காட்டுப்பன்றி எல்லாம் இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கும். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலையும் மெட்டுக்குப் பக்கத்தில்தான்.

மான் பின்னால் நடப்பது உலகத்தில் பல இடங்களில் சட்டப்படியான வேலை, பொழுதுபோக்கும்கூட. ஸ்காட்லாந்தில் ஓநாய் அழிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. செம்மான் பெருகி இளங்கன்றுகளைத் தின்று காட்டை வளரவிடாமல் செய்கிறது என்பதால் ஆண்டுதோறும் சுட்டுக் குறைக்கிறார்கள். அங்கே அந்த வேலை செய்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கைப்பக்குவங்கள் ரசமானவை. காற்றுப் பார்க்க முகப்பவுடர் டப்பா, துப்பாக்கியைத் தாங்கத் தோட்டத்து மூங்கில் குச்சிகளை ரப்பரால் கட்டிய முக்காலி. கடையில் எல்லாம் கிடைக்கும். ஆனாலும் வீட்டில் செய்துகொள்வதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

நம் காட்டில் அந்த வேலையைச் செந்நாயும் சிறுத்தையும் புலியும் பார்த்துக்கொள்கின்றன. மனிதருக்கு அந்த உரிமை இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் பொருள் சுடுவதோடு நிற்பதில்லை. சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, இரை வைத்து ஈர்ப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். ஆகவே எங்கள் மலையில் மான் பின்னால் நடப்பவர்கள் மூன்று வகை. சுருக்குக் கம்பி வைப்பவர் ஒருவர். கேமராவோடு ஆசைக்குப் போகிறவர் இன்னொருவர். மானைக் காக்கவும் எண்ணவும் கூலி வாங்குகிற வேட்டைத் தடுப்புக் காவலர் மூன்றாமவர். மூவரிடமும் வீட்டில் செய்த சாமான்கள் உண்டு. நாம் 'ஜுகாட்', 'நாட்டு அறிவு', 'மண்ணின் மூளை' என்று மூன்றுக்கும் ஒரே கையால் தட்டுகிறோம். என் சண்டை அதோடுதான்.

முதல் ஆளிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் என் வீட்டுக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

என் மாமா போடியில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். சின்ன வயதில் லீவு நாளெல்லாம் எனக்கு அங்கேதான். பழைய கிளட்ச் கேபிள், பிரேக் கேபிளைக் கழற்றி, மேலுறையைத் தனியாக உருவிவிட்டு, உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பியைச் சுருட்டி ஒரு ஆணியில் மாட்டி வைப்பார். மாதத்துக்கு ஒருமுறை யாராவது வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போவார்கள். "எதுக்கு மாமா?" என்று கேட்டால், "பந்தல் கட்டடா" என்பார். இவ்வளவு பந்தலா என்று நான் கேட்டதில்லை. முறுக்குக் கம்பி அறுகாது, துருவும் சீக்கிரம் பிடிக்காது, எப்படி வளைத்தாலும் நிற்கும். அருமையான பொருள் என்று மட்டும் எனக்குத் தெரியும். பின்னாளில் பொறியியல் படித்தபோது அதன் இழுவலிமையைக் கணக்குப் போட்டுக்கூடப் பார்த்தேன். அது காட்டில் எதை இழுத்துப் பிடிக்கிறது என்ற கணக்கைப் போடவில்லை.

வனவிலங்குக் கணக்கெடுப்பு ஒன்றுக்குத் தன்னார்வலனாகப் போனபோதுதான் அந்தக் கணக்கு என் முன்னால் வந்தது. எந்தப் பக்கம், எந்தச் சரகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் பிரச்சினை எனக்கு வராது, அவருக்கு வரும். ஐம்பதைத் தொட்ட வயது. நான் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டேன். நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்து, கண்ணில் படும் மானின் எண்ணிக்கை, தூரம், கோணம் குறிக்க வேண்டும். நானும் இன்னொரு நண்பரும் சென்னையிலிருந்து புது டிரெக்கிங் ஷூ, அட்டை கடிக்காமல் முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணியுறை, ரெயின்கோட் சகிதம் போயிருந்தோம். அண்ணன் காலில் ரப்பர் செருப்பு. வலது வார் அறுந்து, ஓட்டை போட்டு, முறுக்குக் கம்பியால் கோத்திருந்தது.

அவர் காட்டில் எப்படி நடப்பார் என்று சொல்லாவிட்டால் நியாயமில்லை. இடுப்பில் மெல்லிய துணியில் கட்டிய சாம்பல் முடிச்சு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தட்டு. சாம்பல் போகும் பக்கம் பார்த்து, நம் வாடை மிளாவுக்குப் போகாதபடி பாதையைத் திருப்புவார். தானியங்கிக் கேமராவின் மேல் மழை விழாமல் சமையல் எண்ணெய் கேனை வெட்டிக் கூரை மாட்டியிருந்தார். அந்தக் கேமராவைத் திறந்து பேட்டரி மாற்றும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, புது ஷூ வாங்குனப்ப டப்பாக்குள்ள குட்டிப் பொட்டலம் ஒண்ணு கெடந்துருக்குமே, வச்சிருக்கீகளா?"

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். கேமராவுக்குள் போட்டால் லென்ஸ் பூத்துப்போகாது. அவர் என் ஷூவைப் பார்த்தபோது அவருக்கு வேண்டியிருந்தது ஷூ இல்லை, கேமராவுக்கான அந்தப் பொட்டலம். நான் அதைப் பிரித்த அன்றே குப்பையில் போட்டிருந்தேன்.

நான் அவர் செருப்பைப் படம் எடுத்தேன். காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "அத எதுக்குத் தம்பி எடுக்குறீங்க? புதுசு போட்டுக்கிட்டு வர்றப்ப எடுங்க." நான் சிரித்துக்கொண்டே, "இல்லண்ணே, செம ஐடியாண்ணே இது" என்றேன். அந்தப் படத்தைத்தான் கட்டுரையில் போட்டேன். அதுதான் அதிகம் பேர் ரசித்த படமும். பல மாதம் கழித்து வேறு விஷயமாகப் பேசியபோது அவரே சொன்னார், கோபமில்லாமல்: "மக காலேஜுல அந்த போட்டோவ எல்லாரும் பாத்துட்டாய்ங்களாம் தம்பி. முகந்தான் தெரியலையேன்னு சொன்னேன். அவ, 'காலு தெரியுதுல்லப்பா'ங்குறா."

எனக்குப் பதில் வரவில்லை.

அன்றைய நடைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. திரும்பும்போது தோளில் இருந்த சாக்கை இறக்கிக் காட்டினார். அந்த வாரம் காட்டில் அவரும் கூட்டாளிகளும் கழற்றிய சுருக்குக் கம்பிகள். கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கம்பியின் நுனியில் ஈயத்தில் வார்த்த சின்னக் குண்டு. கிளட்ச் லிவரில் உட்காரும் குண்டு. எட்டு வயதில் என் விரலுக்குப் பழகிய வடிவம். அது என் மாமா கடைக் கம்பிதான் என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. அண்ணன் செருப்பைக் கோத்திருந்ததும் அப்படிக் கழற்றிய கம்பியில் ஒரு துண்டுதான்.

ஆக, ஒரே கம்பி. மிளாவின் காலை அறுத்ததும் அதுதான், மிளாவைக் காப்பவரின் செருப்பைப் பிடித்திருந்ததும் அதுதான். இரண்டுமே 'கைவேலை'. இரண்டையும் படம் எடுத்து 'என்ன மூளை!' என்று எழுத முடியும். அப்படி எழுத முடிகிறது என்பதே அந்தப் பாராட்டுக்குப் பொருள் இல்லை என்பதற்குச் சாட்சி.

என் தொழிலில் இதற்கு ஒரு சொல் உண்டு. 1992இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் கொடுத்த உவமை: தொழில்நுட்பக் கடன். அவசரத்துக்கு ஒரு கோடைத் தோராயமாக எழுதிவிட்டால் அது கடன் வாங்கியதுபோல. சீக்கிரம் அடைத்தால் லாபம், விட்டுவைத்தால் வட்டி ஏறும். ஆபீசில் இரவு இரண்டு மணிக்கு ஒட்டுப்போட்டு சர்வரை ஓடவைத்த பையனை எல்லோரும் பாராட்டுவோம். அந்தப் பாராட்டு முடிந்ததும் ஒட்டு அப்படியே நிற்கும். அடுத்த வருடமும் இரண்டு மணிக்கு அவனைத்தான் எழுப்புவோம். வட்டி கட்டுவது கடன் வாங்கிய கம்பெனி இல்லை, அந்தப் பையனின் தூக்கம். காட்டில் வட்டி கட்டுவது கால்.

நம் தலைமுறைக்கு ஜுகாட் ஒரு தேசப் பெருமை. 2012இல் அதை உலகுக்கான மேலாண்மைப் பாடமாக்கி ஆங்கிலத்தில் புத்தகமே வந்தது. இல்லாமையை 'சிக்கனப் புதுமை' என்று பெயர் மாற்றிவிட்டால், கொடுக்க வேண்டியவருக்கு எவ்வளவு நிம்மதி!

"அப்ப மலைக்காரங்க அறிவே பொய்யா?" என்று கேட்பீர்கள். இல்லை. அறிவையும் இல்லாமையையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரே ஒரு சோதனை தெரியும். கடையில் கிடைக்கும் நல்ல பொருளை அவர் கையில் கொடுங்கள். பழையதைத் தூக்கிப் போடுவாரா?

அண்ணனிடம் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் சாம்பல் முடிச்சை விடமாட்டார். அடுப்படியில் கிடைப்பது, எடையில்லாதது, வாடையில்லாதது, மூச்சளவு காற்றையும் காட்டிக்கொடுப்பது. அது அறிவு. அதற்குத் தட்டுங்கள், நானும் சேர்ந்து தட்டுகிறேன். புதுச் செருப்பைக் கொடுத்தால் கம்பி கோத்த செருப்பை அந்த நிமிடமே எறிந்துவிடுவார். அது அறிவு இல்லை, பாக்கி. ஒவ்வொரு ஒட்டும், யாரோ கொடுக்காமல் விட்ட ஒரு பொருளின் ரசீது.

இந்தச் சோதனையில் ஜம்மென்று தேறுபவர் ஒருவர் உண்டு. மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர். யானையையும் மானையும் நடந்தே தொடர்ந்து கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அது அவருடைய விருப்பம், பிடிவாதம், விளையாட்டு. அது இல்லாவிட்டாலும் அவருக்கு வேறு கேமரா உண்டு. ஸ்காட்லாந்துக்காரரின் மூங்கில் முக்காலியும் இந்த வகைதான். செய்யாமல் இருக்க வழியிருந்தும் செய்வது கலை. வழியே இல்லாமல் செய்வதற்கும் அதே பெயரை வைத்தால் அது கேலி.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 1877இல் வேட்டைச் சங்கம் வைத்தார்கள், 1879இல் அதற்கெனச் சட்டமே வந்தது. எங்கள் மெட்டைத் தாண்டி மூணாறுப் பக்கம், இன்றைய இரவிகுளம் தேயிலைக் கம்பெனியின் தனி வேட்டைக்காடாக இருந்தது. காவலுக்கும் வழிகாட்டவும் முதுவர்களை வைத்திருந்தார்கள். 1971இல் அந்த நிலம் கேரள அரசின் கைக்குப் போனது, 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. துரையின் நினைவுக் குறிப்பில் துப்பாக்கியின் கம்பெனிப் பெயர் இருக்கும், முன்னால் தடம் பார்த்து நடந்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. வேட்டைக்காடு சரணாலயமாகிவிட்டது. முன்னால் நடப்பவர் இன்னும் முன்னால்தான் நடக்கிறார், அதே மாதிரி காலோடு.

எங்கள் துறையும் இதில் பங்காளி. 2010இலிருந்து புலிகள் காப்பகங்களில் ரோந்தைப் பதிவுசெய்ய எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. காவலர் எங்கே நடந்தார், எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்று வரைபடத்தில் கோடாக விழும். நல்ல கருவி, குறை சொல்லமாட்டேன். 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து, ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் படங்கள் எடுத்து, கின்னஸ் சாதனையும் ஆனது. அந்த 26,838 இடங்களுக்கும் யாரோ நடந்தே போயிருக்கிறார்கள். மரத்தில் பட்டையைக் கட்டியது மென்பொருள் இல்லை. காவலர் நடந்த தூரத்தை மீட்டர் கணக்கில் அளக்க முடிந்த நமக்கு, அந்தத் தூரத்தில் ஒரு செருப்பு எத்தனை மாதத்தில் தேயும் என்று கணக்குப் போடத் தெரியாதா? ஒரு மதிய நேர வேலை அது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை.

இந்தக் காவலர்களில் பலர் பழங்குடிக் குடும்பத்துக்காரர்கள். பலர் நிரந்தரப் பணியில் இல்லை, தினக்கூலியிலோ தொகுப்பூதியத்திலோ வருடக் கணக்காக இருப்பவர்கள். "அரசுகிட்ட காசில்ல, நாமளே வசூல் பண்ணி வாங்கித் தரலாமே" என்று நல்ல மனசோடு ஒரு நண்பர் சொன்னார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அட்டைக்கான ஒரு ஜோடி உறை, நாம் சனிக்கிழமை ராத்திரி வரவழைக்கும் பிரியாணி விலைக்குள் அடங்கிவிடும். ஆனால் நாம் வாங்கிக் கொடுப்பதும் ஒரு ஒட்டுதான். அடுத்த மழைக்கு நமக்கு வேறு ஆர்வம் வந்திருக்கும். செருப்பு தர்மம் இல்லை, கருவி. துப்புரவுப் பணியாளருக்குக் கையுறைபோல, மின்கம்பம் ஏறுபவருக்கு ரப்பர் பூட்ஸ்போல, கேட்காமலே வர வேண்டியது. வருடத்துக்கு இத்தனை ஜோடி, மழைக்கோட்டு, காப்பீடு, நிரந்தரப் பணி என்று நிதிநிலைக் குறிப்பில் ஏற வேண்டியது. எழுதுகிறவர்களால் ஆவது, அந்தக் குறிப்பில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது. 'என்ன மூளை' என்று சிலாகித்தால் கேள்வி அங்கேயே முடிந்துபோகும்.

மறுபக்கத்துக்கும் நியாயம் சொல்ல வேண்டும். சுருக்கு வைப்பவர்கள் எல்லாரும் ஒரே ஆள் இல்லை. பன்றி ஒரே ராத்திரியில் கிழங்குத் தோட்டத்தை உழுதுவிட்டுப் போனால், நட்டம் கேட்டு அலைவதைவிடக் கம்பி மலிவு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கம்பிக்குக் கண் கிடையாது. பன்றிக்கு வைத்ததில் மிளா விழும், சிறுத்தை விழும். இலங்கையில் நல்லதண்ணி பக்கம், நம்மவர்கள் தேயிலை பறிக்கும் மலையில், 2020 மே மாதம் ஒரு கருஞ்சிறுத்தை இப்படிச் சிக்கியது. உயிரோடு மீட்டார்கள், சில நாளில் இறந்துபோனது. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சம் சுருக்குகள் இருக்கலாம் என்று அதே ஆண்டு வெளிவந்த உலக வனவிலங்கு நிதியத்தின் அறிக்கை மதிப்பிட்டது. கம்போடியாவில் காவலர்கள் வருடம் முழுக்கச் சுருக்குப் பிடுங்கும் மலைத்தொடர் ஒன்றின் பெயரும் ஏலமலைதான். ஒரு புலிக்கு வருடத்துக்குச் சுமார் ஐம்பது மான் அளவு இரை வேண்டும். மான் இல்லாத காட்டில் புலிக்கு வேலையில்லை.

தோட்டத்தைக் காக்க வைப்பவரை விடுங்கள். 'காட்டுக்கறி கிடைக்குமா?' என்று வார இறுதியில் மலையேறிக் கேட்கிற நம்மைப்போன்றவர்களுக்காக வைக்கப்படும் கம்பிக்கு எந்த நியாயமும் இல்லை. அவர்தான் என் மாமா கடைக்கு உண்மையான வாடிக்கையாளர்.

ஊருக்குப் போனபோது மாமாவிடம் பேசினேன். சட்டென்று கோபம் வந்தது. "நான் விக்கலைன்னா தேனியில வாங்குவான். அவன் என்ன பண்றான்னு நானா பாத்தேன்?" என்றார். நான் அந்த ஈயக் குண்டைப் பற்றிச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மாப்ளே, பழைய வயர் எடைக்குப் போட்டா என்னா கெடைக்கும்னு தெரியுமா? ஒண்ணும் கெடைக்காது" என்றார் கடைசியாக. அடுத்த முறை போனபோது ஆணியில் சுருள் இல்லை. கட்டிங் பிளேயரால் எல்லாவற்றையும் ஒரு சாண் அளவுக்கு நறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒரு சாண் கம்பி எந்தக் காலையும் சுற்றாது.

முந்தைய கட்டுரையில் பத்துக் கைப்பக்குவம் சொன்னேன். இதில் ஒன்றுதான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன், தம்பி, மாமன், மச்சான் யாராவது உங்களுக்கு இருந்தால், பழைய கேபிளை நறுக்கிப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், தட்டவும் வேண்டாம்.

அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். ஏற்கனவே பகிரப்பட்டதைத் திரும்பப் பெற முடியவில்லை. போன மாதம் அண்ணனிடம் பேசும்போது, "செருப்பு புதுசு வந்துச்சாண்ணே?" என்று கேட்டேன். "வரும்னு சொல்லியிருக்காங்க தம்பி" என்றார். புதுசு போட்டுக்கொண்டு வரும்போது எடுக்கச் சொன்ன படம் இன்னும் பாக்கி இருக்கிறது.